மரத்தடியிற் புகையிலை விற்ற வெள்ளையர்

புகையிலை வியாபாரம் என்று சொன்னவுடன் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களும், அங்கிருந்து தோணியேறித் திருவிதாங்கூருக்குப் போன சிப்பங்களுமே நமது நினைவுக்கு வருவது வழக்கம். அது நியாயமுமாகும். மலையாள நாட்டார் வாயிலிட்டு மெல்லுவதற்கென்று பதப்படுத்திய இலைக்கு மலையாளப் புகையிலை என்ற பெயரே யாழ்ப்பாணத்தில் ஏற்பட்டுவிட்டது. திருவிதாங்கூர் அரசு அவ்வியாபாரத்தை நெடுங்காலம் தன் ஏகபோக உரிமையாக வைத்திருந்து, திவான் மாதவராயர் காலத்தில், 1863ஆம் ஆண்டளவிலேயே அதனைக் கைவிட்டது. 1930களில் அப்புகையிலையை விற்பதற்கென்றே யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கமும் தோன்றிற்று. இவற்றையெல்லாம் அறிந்தோர் பலர் எழுதியுள்ளனர். நாம் திரும்பவும் எழுதவேண்டியதில்லை.

நாம் இங்கு சொல்லப் புகுவது மிகச் சிறியதொரு வியாபாரம். தோணியும் பண்டசாலையும் அதற்கில்லை. இரண்டு மனிதர் தம் உடம்பிற் சுமந்து சென்ற பொதியே அதன் முதல். ஆயினும் துணுக்காயில் வாழும் நமக்கு அந்தச் சிறு வியாபாரம் பெரிய வியாபாரத்தினும் நெருங்கியது. ஏனெனில், அந்தப் பொதி அவிழ்க்கப்பட்ட இடங்கள் நமது வன்னிக்குத் தெற்கேயுள்ள குளத்தூர்கள். அதனை வாங்கினோரிற் சிலர் தமிழைத் தவிர வேறு மொழி அறியாதவர்கள். அந்த வியாபாரி எழுதிவைத்த நூலிலே நமக்கு அயலிலுள்ள பனங்காமத்து வன்னியனைப்பற்றியும் ஓர் அரிய குறிப்பு இருக்கின்றது.

வியாபாரியின் பெயர் றொபேட் நொக்ஸ். பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த பெயர்தான். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கடலோடிய ‘ஆன்’ என்னும் கப்பல் 1659ஆம் ஆண்டு நவம்பரிற் புயலில் அகப்பட்டுப் பாய்மரம் இழந்து, திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரத் துறையை அடைந்தது. 1660இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுடைய ஆட்கள் கப்பற்றலைவரையும், அவருடைய மகனாகிய நொக்ஸையும், வேறு சில மாலுமிகளையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோயினர். அப்பொழுது நொக்ஸுக்கு வயது 19. அடுத்த ஆண்டு தந்தையார் காய்ச்சலால் இறந்தார். மகன் மேலும் பதினெட்டு ஆண்டுகளுக்கு அதிகமாக இந்நாட்டில் இருந்தார்.

சிறை என்றால் விலங்கும் இருட்டறையும் அல்ல. ஊருக்கு ஒருவர் இருவராகப் பிரித்து வைத்து, ஊரவரே அவர்களுக்கு உணவு கொடுக்கவேண்டும் என்பது அரசன் கட்டளை. ஊரை விட்டுப் போகலாம். நாட்டை விட்டுத்தான் போகமுடியாது. மலைநாட்டிலிருந்து இறங்கும் வழிகளிலெல்லாம் முட்படலைகள் இட்டுக் காவல் வைத்திருந்தார்கள். இந்த அரைச் சுதந்திரத்திலே நொக்ஸ் பிழைக்க வழி தேடினார். நூற் தொப்பி பின்னினார். பன்றியும் கோழியும் வளர்த்தார். நெல்லைக் கடனாகக் கொடுத்து ஆண்டுக்கு நூற்றுக்கு 50 வட்டியும் வாங்கினார். (அது அந்நாட்டு வழக்கம் என்று அவர் சமாதானம் சொல்வார். கடன்பட்டவர் எப்படிச் சொல்லியிருப்பாரோ!) கடைசியாக அவர் மேற்கொண்ட தொழிலே சுமை வியாபாரம்.

பொதியில் இருந்தவை யாவை? புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான்கள் என்று அவரே பெயர் சொல்லியிருக்கின்றார். புகையிலையை முதலாவதாக வைத்தமையைக் கவனிக்கவேண்டும். போர்த்துக்கேயரோடு இத்தீவுக்கு வந்த அமெரிக்கச் செடி, நொக்ஸ் காலத்துக்குள் காட்டோரத்துக் குடியானவனும் கேட்டு வாங்கும் பொருளாகிவிட்டது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் இத்தீவில் முன்னரே இருந்தவை. புதிய இலை அவற்றுக்குப் பக்கத்திலே இலகுவாக இடம்பிடித்துக்கொண்டது. புகையிலையின் கெடுதியை இன்று அறியாதார் இல்லை. அதனைப் போற்றுவதற்காக நாம் இதை எழுதவில்லை. ஒரு பொருள் ஒரு நாட்டின் வழிகளை எவ்வாறு திறந்தது என்பதே நமது விடயம்.

நொக்ஸும் அவருடைய தோழர் இஸ்ரிபன் றட்லண்டும் வியாபாரத்துக்கு வடதிசையைத் தெரிந்தெடுத்தது இலாபங் கருதியன்று. தப்பியோட வழி கிடைக்குமானால் அது வடக்கேதான் கிடைக்கும் என்பது அவர்கள் துணிபு. அத்திசையில் ஒல்லாந்தரின் கோட்டைகள் இருந்தன. ஆகவே நுவரகலாவியாப் பகுதிக் குளத்தூர்களிலே பொதியை இறக்கி விற்கும்போது, வாங்க வந்தவர்களோடு பேச்சுக் கொடுத்தார்கள். எந்தப் பக்கத்தில் ஊர் அதிகம், எந்தப் பக்கத்தில் ஊரே இல்லை, ஒரு நாட்டிலிருந்து மற்ற நாட்டுக்குப் போகும் வழியில் காவல் எங்கே இருக்கின்றது, எந்த ஊருக்கு எந்தச் சரக்கைக் கொண்டு போனால் விலைபோகும் என்றெல்லாம் கேட்டார்கள். வியாபாரி கேட்கும் கேள்விகள்தாமே என்று ஒருவரும் ஐயுறவில்லை. வீடும் ஆடும் நெல்லும் உள்ளவன் அவற்றை விட்டு ஓடமாட்டான் என்பது ஊரவர் எண்ணம்.

இங்கேதான் நமது சரித்திர நூல்கள் சற்றே கண்ணை மூடிக்கொள்வதாக நமக்குத் தோன்றுகின்றது. நொக்ஸின் துணிவைப் பேசுகின்றோம். அவருடைய பொறுமையைப் பேசுகின்றோம். அவருக்கு வழி தெரிந்தது எவ்வாறு? வாங்கியவர்கள் சொன்னார்கள். ஒரு துண்டுப் புகையிலைக்காகப் பண்டமாற்றுச் செய்தவர்கள், அதற்கு மேலாகத் தம் நாட்டின் வழிகளையும் காட்டின் இயல்பையும் விலையின்றி எடுத்துக் கொடுத்தார்கள். அவருடைய நூலில் இத்தீவின் வடபாகத்தைப்பற்றி உள்ள அறிவிலே பெரும்பங்கு இவர்களுடைய வாய்மொழி என்று சொன்னால் மிகையாகாது.

அந்த வாடிக்கைக்காரர் வாழ்ந்த வாழ்வு எத்தகையது? நொக்ஸ் அப்பகுதிக்குப் போய்வந்த காலத்தில் மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்தது. மலைநாட்டிலே மழைக்குக் குறைவில்லை. கீழே குளத்தூர்களில் வயல் உழப்படவில்லை. கிணறுகளும் வற்றின. ஊருக்குள்ளேயே குடிக்க நீரும் உண்ணச் சோறும் கிடைப்பது அரிதாயிற்று. ஊரிலேயே இப்படியானால் காட்டில் தாகத்தால் மடிவோம் என்று அஞ்சியே இருவரும் ஓடாமல் திரும்பித் திரும்பி வந்தார்கள். வரட்சி என்றால் என்னவென்று வன்னி மக்களாகிய நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. குளத்தின் அடியில் சேறு வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்களே நாம். அப்படிப்பட்ட ஆண்டுகளிலும் அந்த ஊரவர் புகையிலைக்கும் இரும்புக்கும் மாற்றுக் கொடுத்திருக்கின்றார்கள். பருத்தி நூல் கொடுத்தார்கள். மான் இறைச்சி வத்தல் கொடுத்தார்கள். வத்தல் இறைச்சி அந்தக் கீழ்நாட்டிலேதான் கிடைக்கும் என்பதனால், அதை வாங்க வந்தோம் என்று சொல்லி இன்னும் வடக்கே போவதற்கு நொக்ஸுக்கும் ஒரு நியாயம் கிடைத்தது.

அங்குள்ள நீர் மலைநாட்டில் இருந்து வந்தவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமற் காய்ச்சல் கண்டது. கஞ்சா இலையை வெல்லத்தோடு இடித்துக் காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்டால் அந்நீர் கெடுதி செய்யாது என்று அறிந்து அவ்வாறே செய்தார்களாம். மருத்துவர் ஒப்புக்கொள்வாரோ தெரியாது; நொக்ஸ் ஒப்புக்கொண்டார்.

1679ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் தேதி இருவரும் கடைசி முறையாகப் பொதி கட்டினார்கள். ஆட்டையும் வீட்டையும் பார்த்துக்கொள்ள ஒரு கிழவரை வைத்துவிட்டு, வளர்பிறை நிலவு ஓட்டத்துக்கு உதவும்படி நாளையும் கணக்கிட்டே புறப்பட்டார்கள். ஆனால் நுவரகலாவியாவின் நடுவே வந்தபோது, அரசிறை சேர்த்து அனுப்பும் உத்தியோகத்தர் வந்திருக்கின்றனர் என்று கேள்விப்பட்டு, மேற்கே ஒதுக்கமான ஒரு பகுதிக்கு விலகிப் போய், அவர்கள் திரும்பிப் போகும் வரைக்கும் தொப்பி பின்னிக்கொண்டு இருந்தார்கள். நிலவு வீணே கழிந்தது. உத்தியோகத்தர் போனபின், இருந்த பருத்தி நூலோடு மேலும் நூல் வாங்கிப் பொதியைப் பெரிதாக்கிக்கொண்டு வடக்கே நடந்தார்கள்.

வழி, கலுவில என்ற ஊரிலிருந்த அதிகாரியின் முற்றத்தினூடாகவே செல்லும். போவார் வருவாரைப் பார்த்து விசாரிப்பதற்கென்றே அவர் அங்கே இருந்தார். ஒளிந்து போவதிலும் நேரே போவதே நல்லது என்று நொக்ஸ் அவரிடஞ் சென்று, வத்தல் இறைச்சி வாங்க வந்தோம் என்றார். இறைச்சி இல்லை என்ற மறுமொழி வந்தது. உடனே நாலைந்து வெடிக்குப் போதுமான வெடிமருந்தை அதிகாரி கையிற் கொடுத்து, எமக்காக மான் சுட்டுத் தாருங்கள், அதற்குள் அநுராதபுரம் போய்வருகின்றோம் என்றார். வெடிமருந்து கிடைத்தற்கரிய பொருள். அதிகாரி மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார். அங்கே தங்கிய நாட்களிலேயே, வழிகளில் விழிப்பாகக் காவல் வைக்கவேண்டும் என்ற கட்டளையும் அரசனிடமிருந்து வந்து சேர்ந்தது. இருந்தும் இந்த வியாபாரிகளை ஒருவரும் தடுக்கவில்லை.

இனி வருவதே இக்கட்டுரையை எழுதும்படி நம்மைத் தூண்டிய காட்சி.

காட்டைக் கடந்து இருவரும் அநுராதபுரத்துப் பெருவெளியில் வந்து நின்றார்கள். நடுவே மனிதர் கட்டிய பெரிய குளம், சுற்றிலும் காடு, காட்டுக்குள்ளே மறைந்த சிற்றூர்கள். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் விழித்து நின்றவர்களுக்கு ஒரு சேவல் கூவிய ஒலி கேட்டது. சேவல் இருக்குமிடத்தில் ஊர் இருக்கும் என்று அத்திசையில் நடந்தார்கள். மற்ற ஊர்களிலே வீட்டு முற்றத்துக்குள் நேரே போய் விற்பது அவர்கள் வழக்கம். இங்கே அப்படிச் செய்தால் மக்கள் வெருண்டுவிடுவர் என்று அஞ்சி, ஒரு மரத்தின் கீழ் உட்கார்ந்து சரக்கின் பெயரைக் கூவினார்கள். ஊர் திரண்டு வந்தது. வந்தவர்கள் பேசாமற் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெள்ளையர் அவ்வளவு கீழே வந்ததில்லை. அதுமட்டுமன்றி, கூவியது சிங்களத்தில். நின்றவர்களுக்குச் சிங்களம் தெரியாது. அவர்கள் கண்டியரசனின் குடிகளானாலும் ‘மலபார்’கள் என்று நொக்ஸ் எழுதுகின்றார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை அப்பெயராலேயே அழைத்தனர் என்பதை நம் இளைஞர் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

ஆகவே அங்கே ஆளும் அரசன் கண்டியில்; பேசும் மொழி தமிழ்; விற்க வந்தவர் ஆங்கிலேயர்; விற்கும் மொழி சிங்களம்; சரக்கோ அமெரிக்காவிலே தோன்றிய செடியின் இலை. இதை வைத்துக்கொண்டு இந்நிலம் இன்னாருடையது என்று வழக்காட நாம் வரவில்லை. அப்படி வழக்காடுவோருக்கு 1679ஆம் ஆண்டின் அந்த மரத்தடி உதவவும் மாட்டாது. எல்லைகள் இன்று நாம் படத்தில் வரைவது போல அன்று மக்கள் வாழ்வில் இருக்கவில்லை என்பதையே அது காட்டுகின்றது.

சிங்களம் அறிந்த ஒருவர் வந்து எங்கிருந்து வருகின்றீர்கள் என்று கேட்டார். கண்டியிலிருந்து என்றார்கள். ஊரவர் நம்பவில்லை. ஒல்லாந்தர் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என எண்ணித் தம் தலைவரிடம் கொண்டுபோனார்கள். தலைவருக்கும் சிங்களம் வராது. துபாஷி ஒருவரை வைத்தே விசாரித்தார். அவ்விசாரணையைப் படிக்கும்போது அத்தலைவரின் கூர்மை நமக்கு வியப்பைத் தருகின்றது. அரண்மனையில் என்ன நடக்கின்றது, இன்ன இன்ன நாடுகளுக்கு அதிகாரி யார், அரசன் அண்மையில் ஒறுத்த பிரதானிகள் யாவர், குடிமக்கள் அங்கே என்ன வேலையில் ஈடுபட்டிருக்கின்றனர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கண்டியிலிருந்து வந்தவனுக்கே தெரியக்கூடிய செய்திகள் இவை. காட்டோரத்தில் இருந்த ஒரு தமிழ்த் தலைவர் இந்தக் கேள்விகளைக் கேட்க வல்லவராயிருந்தார் என்றால், தலைநகரத்துச் செய்தி அவருக்கும் ஒழுங்காகக் கிடைத்துவந்தது என்பது தெளிவு. எல்லாவற்றுக்கும் மறுமொழி சரியாக வந்தது. கடைசியில் அவரை முற்றாக நம்பவைத்தது பொதியிலிருந்த சரக்கே. சரக்குக் கொண்டுவந்தவன் வியாபாரிதானே!

அதன்பின் அவ்வூரவர் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லாமல் விடலாகாது. அவர்கள் வரவைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர் என்று நொக்ஸே எழுதியுள்ளார். திறந்த கொட்டில் ஒன்றின் ஒரு பக்கத்தைப் படுக்கக் கொடுத்தார்கள். இப்பொழுது வத்தல் இல்லை, இரண்டு மூன்று நாள் பொறுத்தால் தேடித் தருகின்றோம் என்று கேட்டுக்கொண்டார்கள். றட்லண்ட் சரக்கோடு கொட்டிலில் இருந்தார். நொக்ஸ் இறைச்சி தேடுவதுபோல ஊரவர் சிலரோடு சுற்றித் திரிந்து, அரிசியும், சமைக்க ஒரு பித்தளைப் பாத்திரமும், காலிற் கட்ட ஒரு மான்தோலும் வாங்கினார். ஓடுவதற்கு வேண்டியவை யாவும் வாடிக்கைக்காரரிடமிருந்தே வந்தன. மான் இறைச்சி மட்டும் கிடைக்கவில்லை; கிடைக்காததே தமக்கு நல்லதாயிற்று என்பார் அவர். ஊரவரோ, சொன்ன வாக்கைக் காப்பாற்ற முடியவில்லையே என்று நினைத்திருப்பர்.

யாழ்ப்பாணத்துக்குப் போகும் பெரும்பாதையையும் அங்கே கண்டுகொண்டார்கள். நம் வன்னியை ஊடறுத்துச் செல்லும் பாதை அது. அதில் காவல் இருந்தபடியால் அவ்வழியை விட்டு, மல்வத்து ஓயாவைப் பிடித்தார்கள். அதுவே கீழே வரும்போது நாம் அருவியாறு என்று அழைக்கும் ஆறு. ஒக்டோபர் 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கண்டிக்குத் திரும்புவதுபோல ஊரவரிடம் விடைபெற்று, இருட்டியபின் ஆற்றோரமாக இறங்கினார்கள். பத்து நாளைக்குரிய உணவு, மழைக்குத் தாளிப்பனையோலை, சிக்கிமுக்கிப் பெட்டி, கோடரி, கத்தி ஆகியவற்றோடு புகையிலையும் வெற்றிலையும் உடன் சென்றன. விற்றது போக மிஞ்சியதைத் தாமே வைத்துக்கொண்டார்கள் போலும்.

அப்பயணத்தில் அவர்கள் யானைக்கு அஞ்சியது போலவே இன்னொருவருக்கும் அஞ்சினார்கள். அவர் நமது வன்னியர். கண்டியரசனின் எல்லையைக் கடந்ததும் தமிழர் நாடு. அங்கே ஆட்கள் கண்டால் தம் மன்னனிடம் கொண்டுபோவர், பிறகு மீட்சியில்லை என்பது அவர்கள் பயம். அம்மன்னனையே நொக்ஸ் ‘கோயிலாட் வன்னியா’ என்று எழுதினார். பனங்காமத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட கயிலை வன்னியனே அவன் என்பர். அவன் கண்டிக்கும் அடங்காதவன், ஒல்லாந்தருக்கும் அடங்காதவன். ஒல்லாந்தர் போரிட்டும் வெல்லமுடியாமல், ஆண்டுதோறும் குறித்த அளவு யானை திறையாகக் கொடுக்கும்படி மட்டுமே செய்யமுடிந்தது என்கின்றது அந்நூல். அவன் மக்களிடம் வரி அதிகமாக வாங்கினாலும் கண்டியரசனைப்போலக் கொடுமை செய்பவனல்லன் என்றும், காவலிலும் போரிலும் உள்ள போர்வீரருக்குத் தன் செலவிலேயே சோறு போடுவான் என்றும் நொக்ஸ் எழுதினார். திறையைப்பற்றிய செய்திக்கு ஒல்லாந்தர் பக்கத்திலும் சான்று உண்டு. யாழ்ப்பாணத்துத் தளபதியாயிருந்த சுவார்டகுறூன் 1697இல் எழுதிய அறிக்கையிலும் வன்னியர் செலுத்தவேண்டிய யானைகளின் கணக்குப் பேசப்படுகின்றது.

நமது விடயத்துக்கு இன்றியமையாத செய்தி இதற்கு அடுத்தது. வன்னி நாட்டில் யானை, தேன், மெழுகு, பால், நெய், மாடு நிறைய உண்டு. நெல் குறைவு, பருத்தி இல்லை என்கின்றார் நொக்ஸ். ஆகவே வன்னியார் ஆண்டுதோறும் பெருந்தொகையான பொதிமாடுகளோடு நுவரகலாவியாவுக்குப் போய் நெல்லும் பருத்தியும் ஏற்றி வருவர். மாற்றாகக் கொண்டு போவது யாது? முன்னைய ஆண்டு அங்கே வாங்கிய பருத்தியில் தாமே நெய்த துணி. சிங்கள நாட்டுத் துணியிலும் அது நயமானது என்பது அவர் கணிப்பு. அத்தோடு உப்பு, கருவாடு, பித்தளைப் பாத்திரம், மற்றும் ஒல்லாந்தரிடம் பெற்ற பொருள்கள். கடற்றுறைகள் ஒல்லாந்தர் கையில். அவர்களோடு வியாபாரஞ் செய்யத் தன் குடிகளை அரசன் விடுவதில்லை. எனவே கண்டி நாட்டார் அப்பொருள்களை வன்னியாரின் கையால் இரண்டாங் கைப் பொருளாகவே பெற்றனர்.

நொக்ஸின் வாடிக்கைக்காரர் யாரோ, வன்னியாரின் வாடிக்கைக்காரரும் அவர்களே. ஒரே குளத்தூருக்குத் தெற்கேயிருந்து இரண்டு வெள்ளையர் புகையிலையும் இரும்பும் கொண்டு வந்தனர். வடக்கேயிருந்து நம் முன்னோர் உப்பும் துணியும் கொண்டு வந்தனர். அநுராதபுரத்தில் நொக்ஸ் தேடி வாங்கிய அந்தப் பித்தளைப் பாத்திரம் வன்னிப் பொதிமாட்டில் வந்ததாக இருக்கலாம் என்று எண்ணுவதில் நமக்கு ஓர் ஆசை உண்டு. ஆசைதான், சான்றென்று சொல்லவில்லை. அந்த ஊர்களில் அந்நிய வியாபாரி புதுமையல்லன், சரக்கோடு வருபவனை வரவேற்பது பழகிய செயல் என்பதை மட்டும் துணிந்து சொல்லலாம். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியதில் வன்னியாருக்கும் பங்குண்டு.

வன்னி என்றால் வெறுங்காடு, யானையும் காய்ச்சலும் தவிர வேறொன்றும் இல்லாத நிலம் என்று இன்றும் சிலர் பேசக் கேட்கின்றோம். சில சமயம் நம் இளைஞரே அதை நம்பித் தலை குனிகின்றனர். பருத்தியை வாங்கி நெய்து, துணியாக்கி வாங்கிய இடத்திலேயே விற்று, இரண்டு பகைநாடுகளுக்கு நடுவே நின்று இருபக்கத்துப் பொருளையும் மாற்றிக் கொடுத்தவர்கள் காட்டில் ஒளிந்து வாழ்ந்தவர்களா? இதைச் சொல்பவர் நம் இனத்தவரும் அல்லர். நம்மைக் கண்டு பயந்து ஓடிய ஒருவர்.

அந்த ஓட்டத்தில் கடைசியாக அவர்கள் நெருங்கிப் பேசியதும் தமிழரோடுதான். ஆற்றங்கரையிலே ஒரு மரத்தின் கீழ் இரண்டு பிராமணர் சோறு சமைத்துக்கொண்டிருக்கக் கண்டு, சைகையாலும் அரைகுறைச் சிங்களத்தாலும் தம் நிலையைச் சொல்லி, சன்மானங் கொடுத்துச் சிறிது தூரம் வழி காட்டும்படி வேண்டிக்கொண்டார்கள். ஒக்டோபர் 18ஆம் தேதி சனிக்கிழமை மாலை 4 மணியளவில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். அங்கிருந்து மன்னார், பிறகு கொழும்பு, பத்தாவியா, இங்கிலாந்து.

நொக்ஸின் நூல் 1681இல் இலண்டனில் அச்சாயிற்று. அதனோடு சேர்ந்த தேசப்படத்தில், கண்டி நாட்டுக்கு வடக்கே கயிலை வன்னியனின் நாடு பெயர் குறித்துக் காட்டப்பட்டிருக்கின்றது. அந்நாட்டின் ஓரமாக ஆற்று மணலில் நடந்ததைத் தவிர நொக்ஸ் அதற்குள் காலடி வைத்தவரல்லர். அதன் மன்னனையும், மாட்டையும், தேனையும், துணியையும்பற்றி அவர் அறிந்ததெல்லாம், புகையிலை வாங்க வந்து நின்றவர்களிடம் கேட்டு அறிந்ததாகவே இருத்தல் வேண்டும்.